பரிசுத்தொகை யாருடையது? பாலக்கோடு இளைஞர்களுக்கு ஒரு பதில்

பாலக்கோடு பக்கத்துக் கிராமம் ஒன்றின் இளைஞர் மன்றத்திலிருந்து இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறார்கள். பொங்கலுக்கு அவர்கள் நடத்தும் கிரிக்கெட் போட்டிக்கு டாஸ்மாக் பார் எடுத்து நடத்துபவர்தான் முதல் பரிசுத் தொகையைத் தருகிறாராம். அதை வேண்டாம் என்று சொல்ல ஊராட்சிக்கு அதிகாரம் உண்டா என்பது முதல் கேள்வி. கடையை மூடச் சொல்லி மனு கொடுப்பதைத் தவிர, ஊரில் குடி குறைய ஊராட்சியால் உருப்படியாக வேறு என்ன செய்ய முடியும் என்பது இரண்டாவது.

தம்பி, முதலில் நேராகச் சொல்லிவிடுகிறேன். டாஸ்மாக் கடையைத் திறப்பதும் மூடுவதும் இடம் மாற்றுவதும் ஊராட்சியின் கையில் இல்லை. 1937ஆம் வருட மதுவிலக்குச் சட்டமும், 2003ஆம் வருடச் சில்லறை விற்பனை விதிகளும் அந்த அதிகாரத்தை மாவட்ட ஆட்சியரிடமும் மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறையிடமும் கொடுத்திருக்கின்றன. ஆனால் ஊராட்சி வசம் உள்ள மைதானத்திலும் மேடையிலும் சமுதாயக் கூடத்திலும் யார் பெயர் தொங்கலாம், யார் பணம் வரலாம் என்பதில் ஊராட்சி நிபந்தனை போடலாம். பெரும்பாலான ஊர்களில் இந்த இரண்டாவது அதிகாரத்தை யாரும் எடுத்துப் பார்த்ததே இல்லை. கடைக்கு எதிராக ஒரு தீர்மானம் போடுவார்கள், அது ஏதாவது ஒரு கோப்பில் கிடக்கும், ஊரும் சலித்துப் போய்விடும். ஊரக வளர்ச்சித் துறையில் வேலை பார்த்த காலத்தில் அப்படிப்பட்ட தீர்மானப் புத்தகங்களை நிறையப் புரட்டியிருக்கிறேன். அதனால் பரிசுத்தொகையிலிருந்தே தொடங்குங்கள் என்கிறேன். உங்கள் ஊரே முடிவெடுத்து, உங்கள் ஊரே நடைமுறைப்படுத்தக்கூடிய விஷயம் அது.

நம் பக்கம் பெரிய மது கம்பெனிகள் நேராக வந்து பேனர் கட்டுவதில்லை. கடை அரசுடையது, அதற்கு விளம்பரமும் தேவையில்லை. கிராமத்துக்கு வரும் பணம் பார் ஏலம் எடுத்தவரிடமிருந்தும், காலி பாட்டில் எடுப்பவரிடமிருந்தும், சில ஊர்களில் சந்துக்கடை, அதாவது திருட்டுத்தனமாக மது விற்கும் இடம், நடத்துகிறவரிடமிருந்தும் வருகிறது. பிளெக்ஸில் 'முதல் பரிசு உபயம்' என்று அவர் படம் இருக்கும், கீழே தொழில் என்ன என்று இருக்காது. அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். சோளம் அறுத்த காட்டில் கோடு கிழித்து டென்னிஸ் பந்தில் நடந்த அப்படி ஒரு போட்டியின் கடைசி நாளை முழுதாக நின்று பார்த்தேன். பரிசு கொடுத்து முடிந்ததும் அவருடைய ஆள் வண்டியின் பின் கதவைத் திறந்தார். ஜெயித்த அணிக்கு ஒரு பெட்டி, தோற்ற அணிக்கு ஒரு பெட்டி. காலையிலிருந்து ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்த ஒன்பதாம் வகுப்புப் பையன்தான் பிளாஸ்டிக் கப் அடுக்கி, தண்ணீர் பாக்கெட் கடித்துக் கொடுத்தான். யாரும் அவனைக் குடிக்கச் சொல்லவில்லை. ஆனால் விளையாட்டு முடிந்தால் அடுத்தது இதுதான் என்று அவன் அன்றைக்குப் பாடம் படித்துக்கொண்டான். தமிழ்நாட்டில் 21 வயது ஆகாதவருக்கு மது விற்கக் கூடாது என்பது விதி. கடை வாசலில் காட்டும் அந்தக் கண்டிப்பு மைதானத்தில் காணாமல் போகிறது. பார்க்காரர் கொடுக்கும் பணத்தின் உண்மையான விலை இதுதான்.

கம்பெனிகள் வேறு வழியில் வருகின்றன. கேபிள் தொலைக்காட்சி விதிகள் மது விளம்பரத்தைத் தடை செய்துவிட்டன. உடனே அதே பெயரில் சோடா, குடிதண்ணீர், பாட்டு சிடி என்று விளம்பரங்கள் வந்தன. 2008ல் ஐபிஎல் தொடங்கியபோது பெங்களூரு அணிக்கு வைத்த பெயரே ஒரு விஸ்கியின் பெயரை ஒட்டியதுதான். ஓசூர், சூளகிரி, ராயக்கோட்டைப் பையன்கள் அந்த ஜெர்சியைப் போட்டுக்கொண்டு சுற்றுவதை நான் குறை சொல்லவில்லை, பக்கத்து ஊர் அணி, பிடிக்கத்தான் செய்யும். ஆனால் அந்தப் பெயர் அவர்கள் மனதில் எப்படி உட்கார்ந்தது என்பதைப் பெரியவர்கள் யோசிக்க வேண்டும். 2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கொண்டு வந்த வழிகாட்டு நெறிகள் இப்படிப்பட்ட மறைமுக விளம்பரத்தைத் தடை செய்கின்றன. முதல் தடவைக்கு 10 லட்சம் ரூபாய் வரையும், மறுபடி செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 2025 மார்ச்சில் மத்திய சுகாதாரப் பணிகள் தலைமை இயக்குநர், மைதானத்திலும் ஒளிபரப்பிலும் மது, புகையிலை விளம்பரங்களையும் மறைமுக விளம்பரங்களையும் நிறுத்தச் சொல்லி ஐபிஎல் தலைவருக்குக் கடிதமே எழுதினார். மதுப் பெயரில் சோடா விளம்பரம் உங்கள் ஊரில் வந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

'ஸ்பான்சர் இல்லாமல் விளையாட்டு நடக்காது' என்பார்கள். பிரான்ஸ் 1991லேயே விளையாட்டுக்கு மது கம்பெனிகள் ஸ்பான்சர் செய்வதைச் சட்டம் போட்டு நிறுத்தியது. 1998ல் உலகக் கோப்பை கால்பந்து அந்த நாட்டில்தான் நடந்தது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் செய்தது நமக்கு இன்னும் பொருத்தமானது. 1987ல் புகையிலைக்குக் கூடுதல் தீர்வை போட்டு ஒரு நிதியம் ஆரம்பித்தார்கள். அதுவரை சிகரெட் கம்பெனிகளிடம் பணம் வாங்கிக்கொண்டிருந்த விளையாட்டு அமைப்புகளுக்கு அந்த நிதியிலிருந்து பணம் போனது. தாய்லாந்து 2001லிருந்து மது, புகையிலை வரியோடு கூடுதலாக 2 சதவீதம் வாங்கி மக்கள் நலத்துக்குச் செலவிடுகிறது. இவர்கள் எல்லோரும் தடை போட்ட கையோடு, அந்தப் பணத்துக்குப் பதில் எங்கிருந்து பணம் வரும் என்பதையும் தீர்மானித்தார்கள்.

இதை வெளிநாட்டிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும் என்றில்லை. சென்னை மாகாணத்தில் முதன்முதலாக மதுவிலக்கு வந்தது 1937 அக்டோபர் 1ஆம் தேதி, சேலம் மாவட்டத்தில். தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர், அரூர் எல்லாம் அன்றைக்குச் சேலம் மாவட்டம்தான். கொண்டு வந்த ராஜாஜி ஓசூர் பக்கம் தொரப்பள்ளியில் பிறந்தவர். மதுவிலக்கால் அரசுக்குப் போகும் வருமானத்தை ஈடு செய்ய 1939ல் விற்பனை வரியை அவர் கொண்டு வந்தார். மதுப் பணத்துக்கு மாற்றாகப் பிறந்த வரி அது. இன்றைக்கு மது மீதான வரியே மாநிலத்தின் பெரிய வருமானங்களில் ஒன்று: 2024-25ல் டாஸ்மாக் மூலம் வந்த ஆயத்தீர்வையும் மதிப்புக் கூட்டு வரியும் சேர்ந்து 48,344 கோடி ரூபாய். இவ்வளவு பணத்தைக் கிராம சபைத் தீர்மானம் ஒன்று அசைத்துவிடாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் போட்டியின் பரிசுத்தொகை அவ்வளவு பெரியதில்லையே. முதல் பரிசைப் பாதியாகக் குறையுங்கள். கோப்பையை நிரந்தரச் சுழற்கோப்பை ஆக்கிவிட்டால் வருடா வருடம் வாங்கும் செலவு மிச்சம். தக்காளி மண்டிக்காரர், டிராக்டர் ஷோரூம், உரக்கடை, வெளியூரில் வேலை பார்க்கும் நம் பையன்கள், மகளிர் சுய உதவிக் குழுக்களின் கூட்டமைப்பு என்று ஆளுக்குக் கொஞ்சம் கேட்டால் வந்துவிடும். பேட், பந்து, வலைக்குத் தனியாகப் பணம் தேடவேண்டாம். 2024ல் அரசு ஊராட்சிகளுக்கு விளையாட்டு உபகரணத் தொகுப்பு கொடுத்தது. பல ஊர்களில் அது ஊராட்சி அலுவலக அறையில் பிரிக்காமல் கிடக்கிறது. உங்கள் ஊரில் எங்கே இருக்கிறது என்று ஊராட்சிச் செயலரிடம் கேளுங்கள்.

எருது விடும் விழாவுக்கும் இதைச் சொல்ல வேண்டும். கிருஷ்ணகிரிப் பக்கம் கிரிக்கெட்டை விட அதில்தான் பணம் புரள்கிறது. அதற்கு ஆட்சியர் அனுமதி கட்டாயம் என்பதால், விழாக் குழு மனு கொடுக்கும்போதே 'மது விற்பனையோடு தொடர்புள்ளவர்களிடம் நன்கொடை, பரிசு வாங்க மாட்டோம்' என்று எழுதிக் கொடுக்கச் சொல்லலாம். ஊராட்சியும் தன் பரிந்துரையில் இதை நிபந்தனையாகச் சேர்க்கலாம். பேரூராட்சி, நகராட்சி, ஓசூர் மாநகராட்சி என்றால் இன்னும் வசதி, விளம்பரப் பலகைக்கும் பேனருக்கும் அவர்களிடம்தான் உரிமம் வாங்க வேண்டும்.

சரி, கடை விஷயத்துக்கு வருவோம். கிராம சபைத் தீர்மானம் கடையை மூடாது என்றேன், அதற்காகப் போடாதீர்கள் என்று சொல்லவில்லை. 'மக்கள் நலன் கருதி மதுக்கடையை அகற்ற வேண்டும்' என்று ஒரு வரியில் எழுதி அனுப்புவதால்தான் அது எடுபடுவதில்லை. விதி என்ன கேட்கிறதோ அதை எழுதுங்கள். 2003 விதிகளின்படி மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் பள்ளிக்கூடத்திலிருந்தும் வழிபாட்டுத் தலத்திலிருந்தும் 50 மீட்டருக்குள்ளும், மற்ற இடங்களில் 100 மீட்டருக்குள்ளும் கடை இருக்கக் கூடாது. பள்ளி வாசலிலிருந்து கடை வாசல் வரை பிள்ளைகள் நடக்கிற வழியை டேப் பிடித்து அளந்து, ஒரு வரைபடம் போட்டு, பள்ளியின் பெயரோடு இணையுங்கள். பெண்கள் எந்தத் தெருக் குழாய்க்குப் போக அந்தக் கடையைத் தாண்டுகிறார்கள், பேருந்து நிறுத்தம் எத்தனை அடியில் இருக்கிறது, எந்தத் தேதியில் என்ன தகராறு நடந்து காவல் நிலையத்தில் மனு ரசீது வாங்கினீர்கள் என்பதையும் எழுதுங்கள். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் ஒரு பிரதி கொடுங்கள். கலால் உதவி ஆணையருக்கும், டாஸ்மாக் மாவட்ட மேலாளருக்கும், காவல் கண்காணிப்பாளருக்கும் ஆளுக்கு ஒன்று. இன்னொரு வழியை யாரும் யோசிப்பதில்லை. டாஸ்மாக் கடைகள் பெரும்பாலும் தனியார் கட்டிடத்தில் வாடகைக்குத்தான் நடக்கின்றன. கட்டிடத்துக்காரர் நம் ஊர்க்காரர், சில சமயம் நமக்குச் சொந்தக்காரரும்கூட. வாடகை ஒப்பந்தம் முடியும் முன்னால் ஊர்ப் பெரியவர்களும் மகளிர் குழுவும் போய் உட்கார்ந்து பேசினால், மனு சாதிக்காததை அது சாதிக்கலாம்.

கடையை மூடினால் போதும் என்று நினைக்காதீர்கள், கடை எங்கே போகிறது என்றும் பாருங்கள். உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பர் 15 அன்று நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. 20,000 பேருக்கு மேல் இல்லாத உள்ளாட்சிப் பகுதிகளுக்கு அது பிறகு 220 மீட்டர் ஆனது. தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் ஏப்ரல் 2017ல் இடம் இழந்தன. தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டங்களும் பெங்களூரு சாலையை ஒட்டியே வளர்ந்தவை. தீர்ப்பின் நோக்கம் நல்லது, லாரிக்காரரும் பேருந்துக்காரரும் வழியில் குடிக்கக் கூடாது என்பது. ஆனால் சாலையோரம் மூடிய கடைகளுக்குப் புது இடம் தேடி, கிராமத்துக்குள்ளும் வயல்காட்டுக்குள்ளும் கொண்டு போனார்கள். அந்த வருடம் மாநிலம் முழுக்கப் பெண்கள் கடைகளை முற்றுகையிட்டது அதனால்தான். உங்கள் தீர்மானத்தில் 'அகற்ற வேண்டும்' என்பதோடு 'இந்த ஊராட்சி எல்லைக்குள் வேறு இடத்திலும் வைக்கக் கூடாது' என்ற வரியும் இருக்கட்டும்.

2008ஐயும் மறக்க முடியாது. 2007 ஜூலையில் கர்நாடகா சாராயத்தைத் தடை செய்தது. மலிவாகக் குடித்துப் பழகியவர்கள் அதே விலையில் கிடைத்ததைத் தேடிப் போனார்கள். அடுத்த மே மாதம் மெத்தனால் என்ற விஷ ரசாயனம் கலந்த சாராயத்தில் பெங்களூரு, கோலார், கிருஷ்ணகிரி வட்டாரங்களில் நூற்றைம்பது பேருக்கும் மேல் செத்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் நடந்ததும் மெத்தனால்தான். அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலும் கூலி வேலைக்காரர்கள். அதன் பிறகு மாநில அரசு சட்டத்தைத் திருத்தி, சாவு நேர்ந்தால் ஆயுள் தண்டனை வரை, 10 லட்சத்துக்குக் குறையாத அபராதம் என்று ஆக்கியது. தண்டனை கடுமையானது நல்லதுதான். குடிக்கிறவனுக்குச் சிகிச்சை இல்லாமல் சப்ளையை மட்டும் வெட்டினால் அவன் அதைவிட மோசமான இடத்துக்குப் போகிறான் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அதனால் ஊராட்சி கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிப் பார்க்க வேண்டியது சந்துக்கடையை. டாஸ்மாக் மதியம் 12 மணிக்குத்தான் திறக்கிறது. தக்காளி மண்டியில் விடியற்காலை லோடு ஏற்றி முடித்தவருக்குக் காலை ஏழு மணிக்கே கோட்டர் கிடைக்கிறதென்றால் அது சந்துக்கடை. கடைக்கு விடுமுறையான காந்தி ஜெயந்தியிலும் கிடைப்பது அங்கேதான். ஓசூர், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பென்னாகரம் பக்கம் கர்நாடக பாக்கெட் மதுவும் சேர்ந்துகொள்கிறது. வாழ்க்கையைக் கெடுப்பதில் டாஸ்மாக்கை விட இதற்குப் பங்கு அதிகம் என்பது என் அனுபவம், ஏனென்றால் இதற்கு நேரமும் கிடையாது, வயதுக் கணக்கும் கிடையாது, கடனும் உண்டு. எந்த வீடு, எந்த நேரம், யார் கொண்டு வந்து இறக்குகிறார் என்பது ஊரில் தெரியாதவர் இருக்க மாட்டார். பெயர் சொல்லத்தான் பயம். அதற்காகத்தான் தனி ஆள் புகாராக இல்லாமல் ஊராட்சியின் கடிதமாக மதுவிலக்கு அமலாக்கப் பிரிவுக்குப் போக வேண்டும் என்கிறேன்.

பார் விஷயத்தில் உள்ளாட்சியிடம் சின்னதாக ஒரு பிடி இருக்கிறது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் கப்பும் தண்ணீர் பாக்கெட்டும் தடை. பாரைச் சுற்றி வேறு என்ன கிடக்கிறது? அதற்கு அபராதம் போடும் நடவடிக்கையை உள்ளாட்சி எடுக்கலாம். உடைந்த பாட்டில் பற்றியும் கேளுங்கள். 2022ல் நீலகிரியில் தொடங்கிய திட்டப்படி பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பித் தரும்போது அதைக் கொடுக்க வேண்டும். அது பிறகு பல மாவட்டங்களுக்கும் வந்தது. வயலில் கண்ணாடி குத்திய மாட்டைப் பார்த்தவர்கள் இதைச் சின்ன விஷயம் என்று சொல்ல மாட்டார்கள்.

இனி சிகிச்சை. நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எனக்கு இதுதான் முக்கியம். பல வருடம் தினமும் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் கை நடுக்கம், தூக்கமின்மை, வியர்வை வரும். சிலருக்கு இரண்டு மூன்று நாளில் வலிப்பும், ஆள் தெரியாத பிதற்றலும் வரும், உயிருக்கே ஆபத்து. சாமிக்கு மாலை போட்டு நிறுத்துகிறவர்களிடமும் இதைப் பார்க்கிறோம். 'பேய் பிடித்துவிட்டது' என்று வேப்பிலை அடித்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் போதை மீட்புக்கென்றே தனி மையம் இருக்கிறது. போனில் பேச 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணும், 14416 என்ற மனநல உதவி எண்ணும் உண்டு, இரண்டுக்கும் கட்டணம் இல்லை. இந்த எண்களை ரேஷன் கடைச் சுவரிலும் பஸ் ஸ்டாப்பிலும் பெயிண்டில் எழுத ஊராட்சிக்கு எத்தனை ரூபாய் ஆகிவிடும்?

'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது நம் சூளகிரி பக்கம் சாமனப்பள்ளியில்தான். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொண்டு வரும் அந்தப் பெண் பணியாளருக்கு ஒவ்வொரு வீட்டிலும் யார் எவ்வளவு குடிக்கிறார் என்பது தெரியும். வீட்டுக்காரம்மா வாசலில் வைத்துச் சொல்லிவிடுவார். அவர் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா போகாமல், ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் சொல்லி அனுப்பும் பழக்கம் வந்தால், குடும்பம் மானம் போகுமே என்று மறைக்கும் ஆட்கள் பலர் சிகிச்சைக்கு வருவார்கள். திருவாரூர் மாவட்டம் மஞ்சக்குடியில் ஒரு சென்னை மருத்துவமனை, ஊரிலேயே முகாம் போட்டுத் தங்க வைத்துச் சிகிச்சை கொடுத்துக் காட்டியிருக்கிறது. குடும்பத்தோடு, ஊரார் பார்க்க, வெளிப்படையாக. நம் வட்டாரத்தில் கல் குவாரிகளும் மாங்கூழ் ஆலைகளும் இருக்கின்றன. ஆலைக்காரர்களிடம் நன்கொடை கேட்க வேண்டுமென்றால், இப்படி ஒரு முகாமுக்குக் கேளுங்கள்.

கிராம சபை கூடுவது வருடத்துக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இதில் நான்கு நாள் டாஸ்மாக்குக்கும் விடுமுறை. தலைவர் இருந்தாலும் தனி அலுவலர் இருந்தாலும் கூட்டம் நடக்கும், நீங்கள் எழுதிக் கொடுத்ததைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். பொங்கல் போட்டிக்கு என்றால் நவம்பர் 1 கூட்டத்தை விட்டுவிடாதீர்கள். வாசகம் இப்படி இருக்கட்டும்:

'இந்த ஊராட்சியின் மைதானம், மேடை, சமுதாயக் கூடம் ஆகியவற்றில் நடக்கும் எந்த விளையாட்டுப் போட்டிக்கும் நிகழ்ச்சிக்கும், மது விற்பனை அல்லது மதுக்கூடத்தோடு தொடர்புடைய நபர், நிறுவனம், வணிகப் பெயர் ஆகியவற்றிடமிருந்து பணமோ பரிசோ சீருடையோ பெறப்பட மாட்டாது. அத்தகைய பெயர்கள் கொண்ட பேனரும் வைக்கப்பட மாட்டாது. நிகழ்ச்சி இடத்தில் மது அருந்தவோ வழங்கவோ கூடாது. இந்த நிபந்தனைகளை எழுத்தில் ஏற்றுக்கொள்ளும் அமைப்புகளுக்கு மட்டுமே இடம் தரப்படும்.'

இதில் 'எழுத்தில்' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். தீர்மான நகலில் ஊராட்சிச் செயலரின் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, ஒன்றை வட்டார வளர்ச்சி அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். இன்னொன்றைப் பார்க்காரரிடம் நீங்களே நேரில் கொண்டு போய்க் கொடுத்து, இத்தனை வருடம் கொடுத்ததற்கு நன்றி சொல்லிவிட்டு வாருங்கள். அவரும் ஊர்க்காரர்தான், நாளைக்கு அவர் பிள்ளையும் அந்த மைதானத்தில்தான் ஆடப்போகிறது.